பன்னிரண்டாவது கொசு

அந்த மருத்துவமனையின் கருவி சுத்திகரிப்புப் பிரிவில் அவளுக்கு 'ரீகவுண்ட்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, அதை யாரும் எடுத்துப் புழங்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்தரி, கவ்விகளை ஒரு பக்கத்தில் கழுவித் துடைப்பார்கள். அவள் அவற்றை எண்ணி, டிரேயில் அடுக்கி, இரண்டு மடிப்புத் துணியில் பொட்டலமாகக் கட்டுவாள். பொட்டலம் நீராவி இயந்திரத்துக்குள் போய், வெந்து, மறுபக்கக் கதவு வழியாகச் சுத்தமாக வெளியே வரும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கட்டிய டிரேயில் ஒரு ஊசி குறைந்ததில்லை. அதைத் திறமை என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். அது முழுக்க முழுக்கப் பயம்.

மற்றவர்கள் ஒரு தடவை எண்ணுவார்கள், அவள் மூன்று தடவை எண்ணுவாள். மூன்றாவது தடவையில் யாராவது தும்மினால் நான்காவது. வீட்டிலும் இதே கதைதான். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியதும் கணவர் கதவைச் சாத்த மாட்டார், திறந்தே வைத்திருப்பார். தெருமுனை வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க எப்படியும் திரும்பி வருவாள் என்று அவருக்குத் தெரியும். சாத்திவிட்டுத் திறப்பது வீண் வேலை இல்லையா?

கடவுளையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவளுடைய பிரார்த்தனை ஒரு பட்டியல். மொத்தம் பதினேழு பேர்: தம்பியில் ஆரம்பித்து, கணவர், மகள், மகளின் வீட்டுக்காரர் என்று போய், மாடி வீட்டுக்காரரின் கண் ஆபரேஷனில் முடியும். நடுவில் புத்தி வேறு எங்காவது ஓடினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள், இல்லாவிட்டால் யாரையாவது அவர் விட்டுவிடுவாரோ என்ற சந்தேகம். கடவுள் எழுதி வைத்துக்கொள்கிறவராக இருந்தால் இந்நேரம் அவர் கை வீங்கியிருக்கும்.

பட்டியலில் முதல் ஆளான தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாற்பத்தைந்து வயது. கற்றுக்கொடுக்கிற காரில் அவன் பக்கத்துக் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், ஓட்டுகிறவர் தடுமாறினால் அவன் மிதிப்பதற்காக. ஒருமுறை அவன் ஓட்ட, அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்து போனாள். எதிரே, வெகு தூரத்தில், ஒரு லாரி. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டாவது பிரேக்கை ஒரே மிதி. கார் நட்ட நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு என்னென்னவோ சொன்னார்கள், எல்லாமே அவனைப் பார்த்துத்தான். அன்றிலிருந்து அவளுக்குப் பின் சீட்டு. அங்கேயும் அவள் கால் சும்மா இருப்பதில்லை. "என் வண்டியில உன் காலடி மேட் மட்டும் ஓட்டையாப் போச்சுக்கா. இல்லாத பிரேக்கை என்னத்துக்கு இந்த மிதி மிதிக்கிற?" என்று அவன் கேட்பான்.

அந்தத் தம்பியின் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. எடுத்துச் சோதித்தால்தான் என்ன வகை என்று தெரியும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். கழுத்தில் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் குரலுக்கான நரம்பு ஓடுகிறதாம், ஜாக்கிரதையாகச் செய்வோம் என்றும் சொன்னார். அவள் வேலை செய்யும் மருத்துவமனைதான். வியாழக்கிழமை காலை பத்து மணி.

அவனுக்கான டிரேயைத் தானே கட்டுவேன் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள். புதன்கிழமை மதியம் கட்டினாள். அந்த டிரேயில் மெல்லிசான சின்னக் கவ்விகள் பன்னிரண்டு இருக்க வேண்டும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் கொசு என்று பெயர், பிரிவில் எல்லோரும் தமிழிலேயே கொசு என்றுதான் சொல்வார்கள். அவள் மூன்று தடவை எண்ணினாள். பக்கத்து மேசைக்காரி, தடித்த கண்ணாடி போட்டவள், எல்லோருக்கும் 'கண்ணாடி', அவளும் எண்ணிக் கையெழுத்துப் போட்டாள். பொட்டலம் இயந்திரத்துக்குள் போய் வந்து, மேலே ஒட்டிய டேப்பில் வெந்ததற்கு அடையாளமாகக் கறுப்புக் கோடுகள் விழுந்து, அலமாரியில் ஏறி உட்கார்ந்தது.

அவளால்தான் உட்கார முடியவில்லை. ராத்திரி முழுக்கப் பதினொன்றா பன்னிரண்டா என்று மண்டைக்குள் ஒரே ரீங்காரம். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே பிரிவுக்கு வந்துவிட்டாள். அலமாரிக்கு முன்னால் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தாள். எட்டு மணிக்கு, கடைசிக் கொசுவை வைக்கும்போது தொலைபேசி அடித்தது நினைவுக்கு வந்தது. அடித்தது புதன்கிழமையா செவ்வாய்க்கிழமையா? வைத்தோமா, வைக்கப் போனோமா? உள்ளே, கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் கை நீட்டுகிறார், ஒரு கொசு இல்லை. அந்தக் காட்சியை அவள் கண்ணால் பார்த்தேவிட்டாள்.

எட்டரைக்குப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தாள்.

கொசு பன்னிரண்டும் வரிசையாகப் படுத்திருந்தன.

அவளுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. அடுத்த நிமிடம் போனது. பிரித்த பொட்டலம் பிரித்ததுதான். காற்றுப் பட்டால் சுத்தம் கெட்டது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான்: கட்டியதைச் சரிபார்க்கப் பிரித்தால், சரியாக இருந்ததும் வீணாகும். அவளே எத்தனையோ புதுப்பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அதே மாதிரி இன்னொரு டிரே காலை முதல் ஆபரேஷனுக்குப் போயிருந்தது. இயந்திரமோ வேறு சரக்கோடு ஓடிக்கொண்டிருந்தது, பத்தேகாலுக்குத்தான் காலியாகும். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். திட்டுகிற ஆளாக இருந்தால் தேவலை, இவர் குரலையே உயர்த்தாதவர். ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசினார். பிறகு அவளிடம், பன்னிரண்டு மணிக்குள் டிரே மேலே போனால் இன்று நடக்கும், இல்லாவிட்டால் டாக்டர் கிளம்பிவிடுவார், அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் என்று சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார்: "இந்தத் தடவை கண்ணாடி எண்ணட்டும். நீங்க எண்ண வேணாம்மா. துணியைக் கட்டுங்க, போதும்."

இருபத்திரண்டு வருடத்தில் அவளை யாரும் எண்ண வேண்டாம் என்று சொன்னதில்லை. அதற்கு அழுவதா, செய்த காரியத்துக்கு அழுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் அழுதாள்.

இயந்திரம் காலியாகும் வரை செய்ய ஒன்றுமில்லை. மேலே போய்த் தம்பியிடம் சொல்லியாக வேண்டும். அவன் பச்சை அங்கியில், முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் அறைக்குள் நுழைந்ததும் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தொலைபேசி அடித்ததைச் சொன்னாள், பொட்டலத்தைப் பிரித்ததைச் சொன்னாள், தன்னைத் திட்டிக்கொண்டாள், மூன்று வாரம் தள்ளிப்போனால் கட்டி என்ன ஆகும் என்றாள், பதில் வருவதற்குள் போர்வையைச் சரி செய்தாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள்.

அவன் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தாள். செய்தான். "நடுரோட்டுல மறுபடியும் மிதிச்சிட்டியா?" என்றான். பிறகு சிரிப்பு நின்றுபோனது. மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையைத் திருகிக்கொண்டே, "அக்கா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ பயப்படுறதப் பாத்துச் சமாதானம் சொல்றதுலயே என் நேரம் போயிடுது. எனக்குப் பயப்படவே எடமில்ல" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவன் களைப்பாகச் சொன்னான். அவள் கீழே இறங்கினாள்.

பத்தேகாலுக்கு இயந்திரம் காலியாயிற்று. அதற்குள் கண்ணாடி சத்தமாக எண்ணி முடித்திருந்தாள். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காதைப் பொத்திக்கொள்ள முடியாதே, பன்னிரண்டு வரை கேட்டது. ஆனால் கேட்பது எண்ணுவது ஆகுமா? இரண்டு துணியையும் மடித்துக் கட்டினாள், டேப் ஒட்டினாள். டிரே உள்ளே போனது. கனமான கதவு மூடிப் பூட்டிக்கொண்டது. முழு ஓட்டம் ஐம்பது நிமிடம், ஆறுவதற்கு அரை மணி. பதினொன்றே முக்காலுக்கு மேலே அனுப்பலாம். கால் மணி நேரம்தான் மிச்சம்.

இயந்திரத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கதவில் கண்ணாடி கிடையாது, உள்ளே என்ன நடக்கிறதென்று எவனுக்கும் தெரியாது. முகப்பில் நிமிடங்கள் மட்டும் குறையும். அதற்குக் கீழே சிவப்பாக ஒரு பொத்தான், அவசரத்துக்கு நிறுத்துவதற்கு.

முகப்பில் இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம் இருந்தபோதுதான் அது வந்தது. ஸ்ட்ரிப் வைத்தோமா?

ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு சின்னக் காகிதப் பட்டை வைக்க வேண்டும். நீராவி ஒழுங்காக உள்ளே போனால் அது கறுக்கும். மேலே பிரித்ததும் நர்ஸ் முதலில் பார்ப்பது அதைத்தான். அது இல்லையென்றால் டிரேயைத் தொடவே மாட்டார்கள், அப்படியே திருப்பி அனுப்புவார்கள். வைப்பது கட்டுகிறவரின் பொறுப்பு. அவள் கை துணியை மடித்தது நினைவிருக்கிறது, டேப்பைக் கிழித்தது நினைவிருக்கிறது. ஸ்ட்ரிப் நினைவில்லை.

எழுந்தாள். சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் நின்றாள். நிறுத்தினால் பார்த்துவிடலாம். நிறுத்தினால் ஆவி இறங்கி, பிரித்துக் கட்டி, மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும், பன்னிரண்டு மணி தாண்டிவிடும், மூன்று வாரம். நிறுத்தாமல் விட்டு, ஸ்ட்ரிப் இல்லையென்றால்? அதுவும் மூன்று வாரம். விரல் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நெஞ்சு அடித்த அடியில் அங்கியே ஆடியது.

கடவுளே என்று ஆரம்பித்தாள். தம்பி, கணவர், மகள்... நான்காவது பேரில் புத்தி ஸ்ட்ரிப்புக்கு ஓடியது. மறுபடி தம்பி, கணவர்... மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை ஆரம்பிக்கும்போது தம்பி என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது பட்டென்று தெரிந்தது. காலையில் அலமாரி முன்னால் செய்த அதே வேலை. ஒவ்வொரு நாளும் இந்தப் பதினேழு பேரையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் பிரித்துப் பார்த்திருக்கிறாள். கட்டிக் கொடுத்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பிரார்த்தனை என்று பெயர் வைத்திருந்தாள்.

கீழே பார்த்தாள். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பின் நுனி மடங்கி, முழங்கால் விறைத்து, கெண்டைக்கால் வலிக்கிற அளவுக்கு மிதித்துக்கொண்டிருந்தாள். எதை? அங்கே சிமெண்டுத் தரைதான் இருந்தது. எத்தனை நேரமாக? அது அவளுக்கே தெரியவில்லை. எத்தனை வருடமாக என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அம்மா படுக்கையில். அப்பா வேலைக்குப் போகும்போது, அம்மாவைப் பாத்துக்கோ என்றார். இரண்டு நாள் கண் கொட்டாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் கட்டிலில் தலை சாய்த்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். விழித்தபோது அம்மா இல்லை. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து, தான் பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான் எல்லோரும் பிழைத்திருக்கிறார்கள், கண் அசந்தால் போய்விடுவார்கள் என்று ஒரு கணக்கு அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தம்பிக்கு அப்போது பதின்மூன்று. அவனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

விழித்திருந்தாலும் அம்மா போயிருப்பாள். இதை முப்பத்திரண்டு வருடத்தில் பலர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், தலையாட்டியிருக்கிறாள். இன்று அவளே அவளிடம் சொன்னாள், அப்போதுதான் வலித்தது. நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால் துக்கமாக இருந்தது. அம்மாவை விட்டுவிட்டோம் என்பதைவிட, அம்மாவைப் பிடித்து வைக்கும் சக்தி எப்போதுமே தன்னிடம் இருந்ததில்லை என்பது பெரிய துக்கம். அவள் கண் யாரையும் தாங்கவில்லை. இத்தனை பேரும் இத்தனை வருடமும் வேறு எதன் மீதோ நின்றிருக்கிறார்கள். அவளும் அதன் மீதுதான் நின்றிருக்கிறாள், மிதித்துக்கொண்டே.

காலைத் தூக்கினாள். கெண்டைக்கால் துடித்தது. பயம் போகவில்லை, நெஞ்சில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். பட்டியல் இல்லாமல், பேர் இல்லாமல், "நீயே பாத்துக்கோ" என்று ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவைதான். இரண்டாவது தடவை சொல்ல நாக்கு வரை வந்ததை விழுங்கினாள்.

முகப்பில் இன்னும் முப்பத்தேழு நிமிடம் இருந்தது. "கண்ணாடி, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்து வெளியே போனாள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை அவள் விட்டுப்போவதை அந்தப் பிரிவு அன்றைக்குத்தான் பார்த்தது. கண்ணாடி மூக்குக்கு வந்த கண்ணாடியை மேலே தள்ளி இன்னொரு தடவை பார்த்தாள். ரீகவுண்ட்தான்.

படியேறும்போது மூன்று தடவை திரும்பிப் போகலாமா என்று நின்றாள். ஸ்ட்ரிப், ஸ்ட்ரிப் என்று ஒவ்வொரு படியும் சொன்னது. அதையும் கூட்டிக்கொண்டே ஏறினாள்.

தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் போர்வையைத் தொடவில்லை. ஜன்னலைத் தொடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்பப் பயமா இருக்காடா?" என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். குரல் போய்விட்டால் என்ன செய்வது என்றான். ஓட்டுகிறவன் பதறும்போது இவன் குரல் கேட்டால்தான் வண்டி நேராகப் போகுமாம். வீட்டில் சின்ன மகளுக்கு இவன் கதை சொன்னால்தான் சாப்பாடு இறங்குமாம். ராத்திரி யாருக்கும் தெரியாமல் குளியலறையில் போய், ஒரு மாசத்துக்குமுன் சொன்ன கதையை மறுபடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தானாம், குரல் எப்படி இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள.

ஒன்றும் ஆகாது என்ற வார்த்தை அவள் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் அழுதான், நாற்பத்தைந்து வயதில், அக்கா பார்த்துக்கொண்டிருக்க. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, டிரே என்ன ஆச்சு என்று கேட்டான். உள்ளே இருக்கு என்றாள். நீ இங்க இருக்க? என்றான். ஆமாம் என்றாள். அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் டிரே மேலே வந்துவிட்டது. இனி நர்ஸ் அதைப் பிரிப்பார். அவள் தியேட்டர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையை மிதிக்கப் போகும்போதெல்லாம் எடுத்தாள். எத்தனை தடவை என்று மட்டும் எண்ணவில்லை.

பன்னிரண்டரைக்குச் சூப்பர்வைசர் படியேறி வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இருக்கிற கொஞ்ச உயிரும் போனது. மேலேயிருந்து புகார் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் தாளை நீட்டினார். அதில் ஸ்ட்ரிப் ஒட்டியிருந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் நன்றாகக் கறுத்திருந்தன. 'ஒரு டிரேக்கு ஒன்று போதும்' என்று நர்ஸ் கீழே எழுதியிருந்தார். ஆபரேஷன் ஆரம்பித்துவிட்டது என்றும் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாத அந்த மனிதர் படியிறங்கும்போது தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார்.

மூன்று மணிக்கு அவளை உள்ளே விட்டார்கள். தம்பி கழுத்தில் கட்டோடு கண்ணை மூடிக் கிடந்தான். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது, முடிவு வர ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம். அவள் நெஞ்சு அந்த வார்த்தையை உடனே கவ்விக்கொண்டு ஓடப் பார்த்தது. அவள் அதை ஓடவிட்டுத் தான் மட்டும் கட்டிலருகில் நின்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

"எத்தனை கொசு?" என்றான். கரகரவென்று, தகரத்தைத் தேய்த்த மாதிரி. ஆனால் குரல்தான். அவனுடைய குரல்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் காதருகில் சொன்னாள்:

"பன்னெண்டாம்டா. நான் எண்ணல."